கதவில் வைத்த கை

படகுத்துறை
மழை மாதம் 9

என் கண்ணான மகளுக்கு,

அப்பா சொல்ல, சத்திரத்துக் கணக்கர் எழுதுவது. நான் அக்கரைக்குப் போய்த் திரும்புவதற்குள் அந்த வீரர்களோடு கிளம்பிவிட்டாயே! உலை கொதித்துக் கொதித்துப் பானை தீய்ந்து கிடக்கிறது.

அவர்கள் தேடி வந்தது என்னை. நதிச்சாமியின் கொள்ளுப்பேரன் நான்தான். மலைக்கோயில் கதவு எங்கள் வம்சத்துக் கைக்குத்தான் திறக்கும். திறந்த கை அங்கேயே ஒட்டிக்கொள்ளும், ஆள் கல்லாகிவிடுவார். உள்ளே இருக்கும் புதையலுக்காக ஒவ்வொரு வீரர் படை வரும்போதும் கதவு மறுபடி மூடிக் கிடக்கிறது. போன படைக்கு என் அண்ணன் போனார். அதற்கு முன்பு அத்தை. இருவரும் அங்கேதான் நிற்கிறார்கள்.

வீரர்களுக்கு இது விளையாட்டு. செத்தால் மறுநாள் காலை சத்திரத்துக் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து ரொட்டி கேட்கிறார்கள். நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லையம்மா. திரும்பி வா.

உன் அப்பா

*

மலையடிவாரம்
மழை மாதம் 12

அன்புள்ள அப்பாவுக்கு,

திட்டாதீர்கள். நானாகத்தான் வந்தேன். "பெரியவர் வாயத் தொறந்தா வம்சக் கதைய முடிக்க மாட்டார், மக வந்தாலே போதும்"னு வீரர்களின் தலைவன் சொன்னான். இடுப்பில் ஆறு வாள் கட்டியிருக்கிறான். உட்காரத்தான் முடியவில்லை, பாவம்.

உங்கள் முட்டி இந்த மலைக்கு ஆகாது. எனக்கு ஒன்றும் நேராது, ஏன் என்று மட்டும் கேட்காதீர்கள். வேளைக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள் மகள்

*

படகுத்துறை
மழை மாதம் 14

மகளே,

கணக்கர் பேனாவை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்க்கிறார். "எழுதுய்யா, அவ உசிரு போகப் போகுது" என்றேன்.

நீ எனக்குப் பிறந்தவள் இல்லை. உன் அம்மா முதல் புருஷனைப் பறிகொடுத்துவிட்டு என் படகில் ஏறினாள். நல்ல காற்று. நீ மடியில் இருந்தாய். மேலே ஒரு பொத்தான் இல்லாத மஞ்சள் சட்டை. நடு ஆற்றில் என் விரலைப் பிடித்துக் கடித்தாய், ரெண்டே பல். அக்கரை வந்தும் அவள் இறங்கவில்லை, நானும் இறங்கச் சொல்லவில்லை. அவ்வளவுதான் நம் கதை.

உன் உடம்பில் சாமி ரத்தம் இல்லை. கதவு திறக்காது. திறக்காவிட்டால் ஏமாற்றினாய் என்று அவர்கள் உன்னை வெட்டிப்போடுவார்கள். தெருநாயைக்கூடச் சும்மா வெட்டிப் பார்க்கிறவர்கள். இதை அந்தத் தலைவனிடம் காட்டு, காலில் விழு, கதவைத் தொடாதே. நான் கிளம்பிவிட்டேன். தடியை ஊன்றி வருகிறேன். என் கை போதும் அவர்களுக்கு.

அப்பா

*

மலைக்கோயில்
மழை மாதம் 17

அப்பா,

உங்கள் கடிதம் இப்போதுதான் வந்தது. அதைக் கொண்டுவந்த கோவேறு கழுதைக்காரர் காகிதத்தைப் பிடித்துக்கொள்கிறார், இடது கையால் எழுதுகிறேன். எழுத்துக் கோணலாக இருந்தால் கணக்கர் பொறுத்துக்கொள்ளட்டும்.

எனக்குத் தெரியும் அப்பா. அம்மா கண்ணை மூடும் முன்பே சொல்லிவிட்டாள். அதனால்தான் வந்தேன். கதவு திறக்காது, இந்த வம்சத்தில் சாமி வற்றிப்போனார் என்று உங்களையும் விட்டுவிடுவார்கள் என்று கணக்குப் போட்டேன். வெட்டினால் வெட்டட்டும் என்றுதான் இருந்தேன்.

கையை வைத்தேன். திறந்துவிட்டது.

ஆறு வாளும் கலகலக்க எல்லோரும் உள்ளே ஓடினார்கள். ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. முழங்கால் வரை கல்லாகிவிட்டது. வலிக்கவில்லை, சில்லென்று மட்டும் இருக்கிறது. பெரியப்பா எனக்கு இடப்பக்கம் நிற்கிறார். மூக்கு உங்கள் மூக்கேதான்.

நீங்கள் வர வேண்டாம். வழியில் எங்கே இருந்தாலும் திரும்பிவிடுங்கள். கதவு திறந்தாகிவிட்டது, இனி உங்கள் கைக்கு இங்கே வேலை இல்லை.

உங்கள் கடிதத்தில் 'நீ எனக்குப்' என்று தொடங்கும் வரி தப்பு. அதை அடித்துவிட்டுத் திருப்பி அனுப்புகிறேன். கணக்கரைப் படிக்கச் சொல்லுங்கள்.

உங்கள் மகள்