யஹ்யா என்று எழுதியிருக்கிறேன்

786

மேலப்பாளையம்,
ஹிஜ்ரி 1329 ஷஃபான் பிறை 20

ரங்கூன் பட்டணத்தில் இருக்கும் என் கண்ணான மகன் தாவூதுக்கு வாப்பா காஜா முகைதீன் சலாம் சொல்லி எழுதுவது. அல்லாஹ்வின் ரஹ்மத்தால் இங்கே நானும் உன் உம்மாவும் உன் பெண்சாதி மைதீன் பாத்திமாவும் பிள்ளையும் நல்ல சுகமாக இருக்கிறோம், உன் உடம்பையும் அவன் அப்படியே வைத்திருக்க ஐந்து நேரமும் கையேந்துகிறோம். மலையில் நல்ல மழை, ஆற்றில் தண்ணீர் இரு கரையும் தொட்டுக்கொண்டு போகிறது, வாய்க்கால் நிறைந்து தறிக்காரர்களுக்கு நூல் அலச இடம் போதவில்லை. நோன்பு வரப்போகிறது என்பதால் ஜவுளிக்கு நல்ல கிராக்கி. இதெல்லாம் இருக்கட்டும். பிள்ளை பிறந்த தந்தி கிடைத்ததும் நீ எழுதின கடிதத்தில் ஒரு வார்த்தை எழுதியிருந்தாய் அல்லவா, பேர் என்ன வைத்தாலும் எனக்கு எழுத வேண்டாம் வாப்பா, ஒரு வயசு ஆன பிறகு கேட்டுக்கொள்கிறேன் என்று. நீ ஏன் அப்படி எழுதினாய் என்று எனக்குத் தெரியாதா மகனே. முதல் பிள்ளைக்குப் பேர் வைத்து உனக்கு எழுதினோம், கப்பல் ரங்கூன் சேரும் முன்னே பிள்ளை அடங்கிவிட்டது. இரண்டாவதற்கும் அப்படியே ஆயிற்று. நீ அங்கே அந்தப் பேரை எல்லாருக்கும் சொல்லி மிட்டாய் கொடுத்த நாளில் நாங்கள் இங்கே மண் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருந்தோம். அதனால்தான் இந்த ஏழு மாதமும் உன் சொல்லுக்குக் கட்டுப்பட்டுப் பிள்ளை சுகம், பிள்ளை சிரிக்கிறது, பிள்ளை குப்புற விழுந்தது என்று பேர் இல்லாமலே எழுதிவந்தேன். இனி என்னால் முடியாது. என் வாய் எப்படிப்பட்டதென்று உனக்குத் தெரியும், ஏழு மாதம் அடக்கினதே பெரிய காரியம். உன் மகன் பேர் யஹ்யா. எழுதிவிட்டேன், பார்த்துக்கொள். கடிதத்தைக் கீழே போட்டுவிடாதே, அவன் இதோ என் மடியில் உட்கார்ந்திருக்கிறான், கீழ்வரிசையில் இரண்டு பல், இந்தக் காகிதத்தின் ஓரம் கசங்கி ஈரமாக இருப்பது அவன் வாயில் போட்டதுதான்.

இந்தப் பேர் சும்மா வந்ததல்ல, சண்டை போட்டு ஜெயித்து வந்த பேர், அதை நீ முழுக்கக் கேட்க வேண்டும். முதல் பிள்ளைக்கு என் வாப்பா பேரை வைத்தோம், நியாயம். இரண்டாவதற்கு மைதீன் என்று வைத்தோம், அதுவும் நியாயம், ஆனால் நம் தெருவில் நின்றுகொண்டு மைதீன் என்று ஒரு சத்தம் கொடுத்தால் பத்துப் பேர் திரும்பிப் பார்ப்பார்கள், என்னையும் சேர்த்துக் காஜா மைதீன் மட்டுமே நாலு பேர், உன் கடிதம் ஒவ்வொன்றும் மற்ற மூன்று வீட்டையும் சுற்றிவிட்டுத்தான் என் கைக்கு வருகிறது. மூன்றாவது இவன் பிறந்ததும் உன் ருக்கையா மாமி, என் அக்காள்தான், அரிசி புடைக்கிற சுளகும் கையுமாக வந்துவிட்டாள். ஏலே காஜா, பெரிய பேரா வச்சு ரெண்டையும் குழிக்குள்ள வச்சாச்சு, இதையாவது சுளகுல போட்டு அடுத்த வீட்டுக்காரிட்ட தவிட்டுக்கு வித்துட்டு, பிச்சைன்னு பேரு வச்சு சாவு கண்ணுல படாம மறைச்சு வளப்போம்லே என்றாள். அவள் சொல்வதிலும் காரணம் இருந்தது. அவளுக்கும் இரண்டு போய் மூன்றாவது பிள்ளையை அப்படித் தவிட்டுக்கு விற்றுத் திரும்ப வாங்கிப் பிச்சை என்று பேர் வைத்துத்தானே தங்கிற்று, உன் பிச்சை மச்சானை இன்று ஊரில் நாலு பேர் மதிக்கிறார்கள், அந்தப் பேரில் எனக்கு ஒரு குறையும் கிடையாது. உன் உம்மாவோ நாத்தனாருக்குப் பயந்து ஆமாம் என்றும் இல்லை என்றும் தலையை ஆட்டினாள், எந்தப் பக்கம் ஆட்டினாள் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

மாட்டேன் என்றது உன் பெண்சாதிதான். வாயில்லாப் பூச்சி என்று நாம் நினைத்திருந்தோமே, அந்தப் பெண். பிள்ளை உண்டான நாள் முதல் நம் பெண்கள் ஓதுகிற ஓதலில் ஜக்கரியா நபி கதை வருகிறதல்லவா, தலை நரைத்து எலும்பு தளர்ந்த வயதில் ஒரு பிள்ளை கேட்டாரே, அதை அவள் பத்து மாதமும் ஒரு நாள் விடாமல் ஓதியிருக்கிறாள். அந்தப் பிள்ளைக்கு உம்மாவும் பேர் வைக்கவில்லை வாப்பாவும் வைக்கவில்லை, படைத்தவனே யஹ்யா என்று வைத்துக் கொடுத்தான், அதற்கு முன் அந்தப் பேர் யாருக்கும் இருந்ததில்லை என்று வருகிறது. அவள் கதவுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, மாமா, ரெண்டுக்கும் நாம பேரு வச்சோம், இதுக்கு அவன் வச்ச பேரையே வச்சிருவோம், பிறவு அவன் பாடு என்றாள். நான் உடனே பள்ளிவாசலில் ஓதிக்கொடுக்கிற நம் மீரான் லெப்பையைப் பிடித்து அர்த்தம் கேட்டேன். யஹ்யா என்றால் உயிரோடு இருப்பான் என்று அர்த்தமாம். நீங்க வச்சிருக்க மைதீனும் தூரம் இல்ல அண்ணாச்சி, மார்க்கத்துக்கு உயிர் கொடுத்தவருன்னுதான் அதுக்கு அர்த்தம், ரெண்டும் ஒரே வேருல கிளைச்ச பேருதான் என்று லெப்பை சொன்னார். ஐம்பத்தெட்டு வயது வரை என் பேருக்கு அர்த்தம் தெரியாமலே சுமந்திருக்கிறேன் பார்.

ஏழாம் நாள் தலைமுடி இறக்கி, ஆடு அறுத்து, ஜமாஅத்துப் பெரியவர்கள் எல்லாரும் கூடியிருக்கும்போது ருக்கையா விடவில்லை. இந்த ஊர்ல எவன் வச்சிருக்கான் இந்தப் பேரை, எந்த வமிசத்துல இருக்கு, ஏளா பாத்திமா, பிள்ளை வேணுமா பேரு வேணுமா உனக்கு என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டாள். உள்ளே இருந்து உன் பெண்சாதி குரல் வந்தது, ரெண்டையும் பேரா மாமி கொண்டுபோச்சு, நான் கேட்டு வாங்கின பிள்ளை இவன், தவிட்டுக்குக் கொடுக்க மாட்டேன் என்று. சத்தம்கூட உயரவில்லை. நான் லெப்பையைப் பார்த்து, என்ன பார்க்கிறீர், காதில் ஓதும் என்றேன். ஓதினார். எனக்கு அப்போது நெஞ்சு இப்படி நிமிர்ந்திருந்தது. ஆனால் உள்ளுக்குள் பயம் இல்லாமல் இல்லை மகனே, இந்தப் பிள்ளைக்கும் ஒன்று ஆகிவிட்டால் ஊர் முழுக்க அவள் தலையில்தான் கல்லைத் தூக்கிப் போடும், பிடிவாதம் பிடித்துப் பிள்ளையைக் கொன்றாள் என்று ஆயுசுக்கும் சொல்லிக்காட்டுவார்கள்.

பயந்தபடியே வந்தது. பேர் வைத்த மூன்றாம் நாள் பிள்ளை பால் குடிக்கவில்லை. மார்பில் வைத்தால் வாயை எடுத்துக்கொண்டு சிணுங்குகிறது, மறுநாள் சிணுங்கலும் இல்லை, சுருண்டு கிடக்கிறது. முதல் இரண்டும் இப்படித்தான் ஆரம்பித்தது. ருக்கையா சுளகைத் தொட்டிலுக்குக் கீழே கொண்டுவந்து வைத்துவிட்டு அழுதுகொண்டிருந்தாள். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை, வண்டியைப் பூட்டிக்கொண்டு பாளையங்கோட்டைக்குப் போய் ஹெப்சிபா அம்மாளைக் கூட்டிவந்தேன். வேதக்கார வீட்டுப் பெண், பிள்ளைப்பேறு வைத்தியம் படித்தவள், அன்று ஞாயிற்றுக்கிழமை, கோயிலுக்கு உடுத்தின வெள்ளைச் சேலையோடே வந்தாள். வந்ததும் நேரே பிள்ளை வாயைத் திறந்து பார்த்தாள். நாக்கு, கன்னம் எல்லாம் வெள்ளை வெள்ளையாக அக்கரம் படர்ந்து புண்ணாகிக் கிடக்கிறது, பசி இருந்தும் குடிக்க முடியவில்லை. யாரு யாரு பிள்ளைக்குச் சேனை வச்சீங்க என்று கேட்டாள். யார்தான் வைக்கவில்லை. பிறந்த பிள்ளை நாக்கில் சீனித்தண்ணீர் தொட்டு வைத்தால் வைத்தவர் குணம் பிள்ளைக்கு வரும் என்று பார்க்க வந்த அத்தனை பேரும் விரலை விட்டிருக்கிறார்கள், உன் உம்மா, ருக்கையா, பக்கத்து வீடு, எதிர்த்த வீடு, ஆட்டுக்கறி வாங்க வந்தவர்கள், சாயத் தொட்டியில் கிடக்கிற என் விரல் உட்பட. ஹெப்சிபா அம்மாள் என்னை ஒரு பார்வை பார்த்தாள், அதற்கு முன் யார் பார்வைக்கும் நான் அப்படித் தலை குனிந்ததில்லை. மருந்தைத் துணியில் நனைத்து வாயெல்லாம் தடவி, பாலைப் பீச்சிச் சங்கால் பையப் பையப் புகட்டச் சொல்லிக்கொடுத்து, இனி தாயைத் தவிர ஒரு விரல் இந்த வாய்க்குள் போகக் கூடாது என்று சொன்னாள். அன்றிலிருந்து நான் கைத்தடியோடு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். பார்க்கலாம், தொடக் கூடாது என்று சட்டம். அடுத்த வீட்டுப் பெரியவர் கோபித்துக்கொண்டு ஒரு மாதம் எனக்குச் சலாம் சொல்லவில்லை, போகட்டும்.

மருந்து தடவும்போதுதான் ஹெப்சிபா அம்மாள் பிள்ளை பேரைக் கேட்டாள். சொன்னதும் அவள் முகம் மலர்ந்துவிட்டது. எங்க அண்ணன் பேருதான் இது, நாங்க யோவான்னு சொல்லுதோம், நீங்க யஹ்யான்னு சொல்லுதீங்க, ஆளு ஒருத்தருதான் என்றாள். அவர்கள் வேதத்திலும் அந்த வயோதிகரும் மலட்டுத்தாயும் வருகிறார்களாம், அவர்கள் பக்கத்தில் அந்தப் பேருக்குக் கர்த்தர் கிருபை செய்தார் என்று அர்த்தமாம். இன்னொன்றும் சொன்னாள், பேர் வைக்கிற அன்றைக்கு அங்கேயும் சொந்தக்காரர்கள் கூடிக்கொண்டு வமிசத்தில் இல்லாத பேரை வைக்கக் கூடாது என்று நின்றார்களாம், பெற்றவள் மட்டும் முடியாது, இந்தப் பேர்தான் என்றாளாம். உன் பெண்சாதி அதைக் கேட்டுவிட்டு ருக்கையாவைப் பார்க்கவில்லை, பிள்ளையைத்தான் பார்த்தாள். ருக்கையாவோ மெல்ல, அந்தப் பிள்ளை பிழைச்சு வளந்துச்சா தாயி என்று கேட்டாள். வளந்து பெரிய ஆளாகி ஊரையே ஆத்தங்கரைக்கு வரவழச்சாரு பாட்டி என்று ஹெப்சிபா அம்மாள் சொன்னாள். அவருக்குக் கடைசியில் ஒரு பொல்லாத ராஜாவால் வந்த முடிவு எனக்கும் தெரியும், லெப்பைக்கும் தெரியும், அந்த அம்மாளுக்கும் தெரியாமலிருக்காது, ஆனால் ருக்கையாவிடம் ஒருவரும் மூச்சு விடவில்லை, நீயும் கடிதத்தில் எழுதித் தொலைத்துவிடாதே.

மருந்து தடவின மூன்றாம் நாள் விடியற்காலையில் ஒரு அழுகை அழுதான் பார், பாங்கு சொல்லப் போனவர் தெருக்கோடியில் நின்று திரும்பிப் பார்த்தாராம். பசி அழுகை! உன் பெண்சாதி சிரிக்கிறாள், அழுகிறாள், பிள்ளையோ விட்ட நாளுக்கெல்லாம் சேர்த்துக் குடிக்கிறான். ருக்கையா சுளகை எடுத்துக்கொண்டு போய் அன்று சாயங்காலம் அதில் முருங்கைக்கீரை ஆய்ந்தாள். நாற்பதாம் நாள் குளிப்பாட்டி வெளியே கொண்டுவந்தபோது தெருவே வந்து பார்த்தது, நான் கைத்தடியை விடவில்லை. அதற்குப் பிறகு நடந்ததைக் கேள். நான் அறிந்து நம் ஊரில் ஒரு யஹ்யா கிடையாது, இப்போது தறிக்காரர் செய்யதலி வீட்டில் ஒரு யஹ்யா, கறிக்கடைக்காரர் வீட்டில் ஒரு யஹ்யா, பேட்டையிலிருந்து ஒருவர் வண்டி கட்டிக்கொண்டு வந்து அர்த்தம் விசாரித்துவிட்டுப் போனார். இனி மைதீன்னு யாராவது கேட்டா இனாமா ஓதுதேன் அண்ணாச்சி என்று லெப்பை அலுத்துக்கொள்கிறார். எல்லாவற்றுக்கும் மேலே, போன மாதம் பிச்சை மச்சானுக்குப் பிள்ளை பிறந்ததும் ருக்கையா முன்னால் நின்று, யஹ்யான்னு வைங்கலே, அது எங்க வீட்டுப் பேரு என்று சொல்லிவிட்டாள். அந்தப் பேரைத் தேடிப் பிடித்ததே தான்தான் என்று கிணற்றடியில் சொல்லிக்கொண்டு திரிவதாகவும் கேள்வி. நம் பிள்ளைக்கு ஏழு மாதம்தான் ஆகிறது, அதற்குள் ஊர் அவனைப் பெரிய யஹ்யா என்கிறது.

இவ்வளவு ஜெயித்தும் ஒரு குறை மகனே, அதற்காகத்தான் இந்தக் கடிதம். உன் கடிதம் வரும்போதெல்லாம் நான் சத்தமாக வாசிப்பேன், உன் பெண்சாதி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கதவோரம் நின்று கேட்பாள், நீ பிள்ளை சுகமா, குழந்தை சுகமா என்றே எழுதுகிறாய். முந்தாநாள் அவள் என்னிடம், அவுகளுக்குப் பேரை எழுதுனீங்களா மாமா என்று கேட்டாள். அவன் பயப்படுகிறான் அம்மா என்றேன். அதற்கு அவள், நானும் பயந்துகிட்டேதான் மாமா வச்சேன், இப்பமும் அவன் தும்முனா பயப்படுதேன், அவுகளும் பயப்படட்டும், ஆனா பேரைச் சொல்லிட்டுப் பயப்படச் சொல்லுங்க என்றாள். அவள் சொன்னபடியே எழுதிவிட்டேன். இதற்கு உனக்குப் பதில் வருகிறதா பார்.

அங்கே மழைக்காலம், ஈரத் தலையோடு படுக்காதே, வயிற்றைக் காயப் போட்டுக் கடையில் நிற்காதே, நோன்பு திறக்க வெறும் தேத்தண்ணீரோடு விட்டுவிடாதே. முதலாளியிடம் கேட்டு ஹஜ்ஜுப் பெருநாளுக்காவது வந்துவிடப் பார், உன் உம்மா உன்னைப் பார்க்காமல் இளைத்துவிட்டாள். அல்லாஹ் உனக்கு நீண்ட ஹயாத்தையும் குறையாத பரக்கத்தையும் கொடுத்து, உன் மகனை நீ தோளில் தூக்கிக்கொண்டு பெருநாள் தொழுகைக்குப் போகிற நாளை எங்கள் கண்ணில் காட்டுவானாக, ஆமீன். மறந்துவிடாதே, அடுத்த கடிதத்தில் உன் கையால் அவன் பேரை எழுது. நான் அதைச் சத்தமாக வாசிக்க வேண்டும், அவள் நின்று கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
யஹ்யாவுடைய வாப்பாவைப் பெற்ற
காஜா முகைதீன்