ரோப்ளேயா, கராவோவா?

நிக்கோயா,
மார்ச் 14

அன்பு மகள் யோர்லெனிக்கு அம்மா எழுதுவது. அப்பாவும் நானும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், இதை முதலில் எழுதிவிடுகிறேன், உன் அண்ணன் ஓல்மன் போனில் என்ன சொல்லிக் கலங்கடித்தானோ. நீயும் பிள்ளைகளும் அந்தக் குளிரில் நலந்தானே.

செவ்வாய்க்கிழமை காலை ரொட்டி வாங்கப் போன அப்பா திரும்பவில்லை. பத்து மணிக்கு அவரே போன் செய்து, "எத்தெல், ரோப்ளே மரத்தடியில உக்காந்திருக்கேன், வீட்டுக்கு எப்படி வரணும்னு தெரியல" என்றார். பக்கத்து வீட்டு மக்காரியோவின் வண்டியில் கோயில், பந்து மைதானம், கல்லறைச் சாலை என்று ரோப்ளே நிற்கும் இடமெல்லாம் தேடினோம். "இந்த மாசம் ஊரே ரோஸா பூத்துக் கெடக்கு, எதுன்னு தேடுறதுக்கா" என்றான் மக்காரியோ. மறுபடி போன் செய்து, கீழே என்ன கிடக்கிறது என்று அவரைக் கேட்டேன். "பொடிப்பொடியா இதழ். கறுப்பா முழநீளக் காய், ஒரே நாத்தம்" என்றார். ரோப்ளே என்றால் பூ குழலாக முழுசாய் விழுமே, காயும் மெலிசுதானே. அது கராவோ மரம், அதுவும் இந்த மாசம் ரோஸாவாகத்தான் பூக்கும். முப்பது வருஷம் நகராட்சிக்கு மரம் நட்டவர், மரத்தின் பெயரைத் தப்பாகச் சொல்வாரா என்று நம்பித்தான் அவ்வளவு நேரம் சுற்றியிருக்கிறோம்.

ஆற்றோரக் கராவோவின் அடியில் இருந்தார். மடியில் ரொட்டிப் பை, அதில் எறும்பு. பயம் போனதும் கோபம் வந்துவிட்டது எனக்கு, "இது கராவோன்னு உங்களுக்கே தெரியலையா, நீங்க நட்டதுதானே" என்று கேட்டுவிட்டேன். வெகுநேரம் அண்ணாந்து பார்த்துவிட்டு, "நட்டவன் மாத்தி நட்டுட்டான்" என்றார். மக்காரியோ சிரித்துவிட்டான். நானும் சிரித்தேனா அழுதேனா, இப்போதும் தெரியவில்லை.

கேட்டைப் பூட்டி வை என்கிறான் ஓல்மன். புதன்கிழமை பூட்டினேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு தெருவையே பார்த்து நின்றார், திறந்துவிட்டேன். வியாழக்கிழமை அவரோடு நானும் நடந்தேன், தெருவிலுள்ள ஒவ்வொரு மரத்தின் பெயரையும் பிசகாமல் சொன்னார். அப்படியென்றால் செவ்வாய்க்கிழமை என்னதான் நடந்தது? திங்களன்று டாக்டரிடம் போகிறோம். பூட்டுவதா திறந்துவிடுவதா, உனக்கு என்ன தோன்றுகிறதோ எழுது.

குளிரில் காதைப் போர்த்தாமல் வெளியே போகாதே. குவாதலூப்பே மாதா உன் வீட்டுக்குத் துணையிருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது, நான் யார் சொல்லுங்கள் என்று விளையாட்டுக்குக்கூட அப்பாவிடம் கேட்காதே. அவர் எடுத்ததும் உன் பெயரை நீயே சொல்லிவிடு.

உன் அம்மா,
எத்தெல்வினா