கேட்காமல் எடுத்த காப்புறுதி

மார்ச் 12, புதன் இரவு

என்னைக் கேட்காமல் என் காருக்குக் காப்புறுதி எடுத்துவிட்டான் என் மனைவியின் தம்பி சுகுமாரன். அவன் இன்சூரன்ஸ் ஏஜெண்டு. வருடா வருடம் அவனே புதுப்பித்துவிட்டுப் பிறகுதான் சொல்வான். நானும் பணத்தைக் கொடுத்துவிடுவேன். இந்த முறை காரை லிங்கி ஊர்க்காரர் ஒருவருக்கு விற்கப் பேசி முடித்திருந்தேன். அவன் அக்காள் பார்வதியைக் கேட்டிருந்தாலே தெரிந்திருக்கும்.

இன்று செண்டாயானில் அவன் கடைக்கே போய் ரத்து செய்யச் சொன்னேன்.

"கேன்சல் பண்ணா பணம் முழுசா வராது லா மச்சான். கம்பெனி ரூல்."

"நான் எடுக்கச் சொன்னேனாடா?"

"நீங்க எந்த வருசம் சொன்னீங்க?" என்று சிரித்தான்.

அந்தச் சிரிப்புதான் பொறுக்கவில்லை. விதிகளை நானே உட்கார்ந்து படித்தேன். எடுத்து ஒரு வாரம் தாண்டினால் இன்னும் அதிகம் பிடிப்பார்கள். நாளையோடு அந்த ஒரு வாரம் முடிகிறது. அவனோ திங்கட்கிழமை வரச் சொல்கிறான்.

நாளைக் காலையிலேயே சுகுமாரன் ரத்துக் கடிதத்தை அனுப்ப வேண்டும். கம்பெனி பிடிக்கும் பணத்தை அவன் தன் கமிஷனிலிருந்து தர வேண்டும். அவனிடம் கிடக்கும் என் கார் பத்திரங்களின் நகலை நான் திரும்ப வாங்கிவர வேண்டும். பார்வதி, "தம்பி பாவம்ங்க" என்று குறுக்கே வரக் கூடாது. சாயங்காலத்திலிருந்து நான்கு தடவை சொல்லிவிட்டாள்.