வியாழக்கிழமைப் படகில் ஏறாதே

வைதோரோ,
ஜூன் 14, ஞாயிற்றுக்கிழமை, சர்ச் விட்டு வந்த கையோடு.

ஆக்லாந்து ஆஸ்பத்திரியில் அத்தனை நோயாளிகளையும் எழுப்பி நடக்கவைத்துக்கொண்டிருக்கும் என் அண்ணன் மகள் மெரெசேனிக்கு, இந்தத் தீவுகளிலேயே கொம்புத்திருக்கை மீனைப் பெயர் சொல்லிக் கூப்பிடத் தெரிந்த ஒரே மனிதனான உன் சித்தப்பா சைலோசி எழுதிக்கொண்டது.

நான் நலம். என் இடது முழங்கால் நலமில்லை, சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. உன் சித்தி லிதியா நலம், அவளும் கேட்பதில்லை. உன் அப்பாவைப் பற்றிக் கடைசியில் எழுதியிருக்கிறேன். அதற்காகக் கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டாதே. நான் கஷ்டப்பட்டு வரிசையாக எழுதுகிறேன்.

இங்கே குளிர்காலம் வந்துவிட்டது. இந்த வருஷக் குளிர் சாமானியமில்லை. இரண்டு ஸ்வெட்டரும் கம்பளித் தொப்பியும் போட்டுக்கொண்டுதான் படகு எடுக்கிறேன். எதிர்த் தீவு விடுதியில் தங்கியிருக்கும் ஜெர்மன்காரர் ஒருவர் வெறும் உடம்போடு தண்ணீரில் மிதந்துகொண்டு, உனக்குக் காய்ச்சலா என்று என்னை விசாரிக்கிறார். இப்படிப்பட்ட பைத்தியங்களுக்கு நடுவில்தான் நான் கடற்கரை விளையாட்டுகளுக்கெல்லாம் தலைவனாக இருக்கிறேன். ஆமாம், தலைவன். சட்டையிலேயே எழுதியிருக்கிறது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னிடம் தோற்று ஒதுங்கிக்கொண்டதே, இன்றைக்கு ஆஸ்திரேலியப் பேராசிரியர்கள் என் எதிரில் மணலில் உட்கார்ந்து தேங்காய் உரிக்கப் படிக்கிறார்கள். அதில் பாதிப் பேர் தேறுவதில்லை.

விடுமுறைக்கு வருகிறவர்கள் ஒரு மாதம் முன்பே விடுதிக்குப் படிவம் அனுப்ப வேண்டும். பெயர், வயது, கால் அளவு, என்னென்ன செய்ய ஆசை என்று அதில் டிக் போட்டிருப்பார்கள். அதைப் பார்த்து ஒவ்வொருவருக்கும் நீந்துகிற ரப்பர் துடுப்புச் செருப்பை எடுத்துப் பெயர் ஒட்டி வைப்பது என் வேலை. போன செவ்வாய்க்கிழமை ஜூலைப் படிவங்களை எழுத்துக்கூட்டிக்கொண்டே வந்தேன். கிரெய்க், முப்பத்தாறு வயது. அடுத்து மெரெசேனி. உலகத்தில் எத்தனையோ மெரெசேனி இருக்கலாம் என்று அடுத்த வரிக்குப் போனேன். ஆண் குழந்தை, ஆறு வயது, கால் குழந்தைச் செருப்பு அளவில் பன்னிரண்டு. பெயர் எபேலி.

உன் அப்பா பெயர்! பிள்ளைக்கு உன் அப்பா பெயரை வைத்துவிட்டு ஆறு வருஷமாக ஒருவரிடமும் மூச்சுவிடாமல் இருந்திருக்கிறாயே. நான் அந்தப் படிவத்தைத் தூக்கிக்கொண்டு விடுதி முழுக்க ஓடினேன். சமையல்காரரிடம் காட்டினேன், படகோட்டிகளிடம் காட்டினேன், அந்த ஜெர்மன்காரரிடமும் காட்டினேன். முழங்கால் அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை.

நீ போட்டிருந்தது மூன்று டிக். ஒன்று, கொம்புத்திருக்கையோடு நீந்துவது. சரியான மாதத்தில்தான் வருகிறாய். குளிர் மாதங்களில்தான் அவை நம் தீவுகளுக்கு நடுவிலுள்ள கால்வாய்க்குள் வரும். போன வாரம் வந்த ஒன்று நம் சர்ச் கூரையைவிடப் பெரியது. பக்கத்தில் உட்கார்ந்து தேங்காய் துருவிக்கொண்டிருக்கும் லிதியா, "கூரையா? கதவுன்னு எழுதுங்க" என்கிறாள். சரி, கதவு. ஆனால் இரட்டைக் கதவு.

இரண்டாவது, சங்குநண்டுப் பந்தயம். நண்டு முதுகில் நாட்டுப் பெயரை ஒட்டி மணலில் ஓடவிடுவோம். நியூசிலாந்து நண்டு மூன்று வாரமாகத் தோற்றுக்கொண்டிருக்கிறது. அந்த அவமானத்தைத் துடைக்க எபேலிக்கென்று ஒரு நண்டைத் தனியாக வளர்க்கிறேன். தினம் தேங்காய்த் துருவல் கொடுத்ததில் கொஞ்சம் பருத்துவிட்டது. இப்போது நடப்பதற்கே யோசிக்கிறது. ஜூலைக்குள் இளைக்க வைத்துவிடுவேன்.

மூன்றாவது டிக், கிராமம் பார்க்கப் போவது, வியாழக்கிழமை காலை பத்து மணி.

இந்த இடத்தில் என் விரல் நின்றுவிட்டது, மகளே. எந்தக் கிராமம் என்று விடுதிக்காரர்கள் படிவத்தில் எழுதுவதில்லை. உன் வீட்டுக்காரர் தெரியாமல் போட்டிருப்பார் என்று லிதியா சொன்னாள். நானும் அப்படியே நினைக்கப் பார்த்தேன். ஆனால் அந்த டிக்கின் வால் மேலே போய்ச் சுழிந்திருக்கிறது. உன் அம்மா சர்ச் கணக்குப் புத்தகத்தில் போட்டுவந்த அதே வால். அந்த விடுதிக்கு எதிரே, தண்ணீருக்கு இந்தப் பக்கம் இருப்பது ஒரே ஒரு ஊர். அதில் பிறந்தவளுக்கு அது எந்த ஊர் என்று தெரியாதா?

தொப்பியை இழுத்துவிட்டுக் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, இருபது வெள்ளைக்காரர்களுக்கு நடுவில் உட்கார்ந்து அப்பாவை ஒரு தடவை பார்த்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்று நினைத்தாயா? அந்த வியாழக்கிழமை எப்படிப் போகும் என்று நான் சொல்கிறேன். படகு கரை தட்டும். எல்லோரும் மணலில் குதிப்பார்கள், உன் பிள்ளையும் குதிப்பான். விருந்தாளிகள் மரியாதைக்குக் கொண்டுவரும், இடித்துக் கரைத்துக் குடிக்கிற கவா வேர்க்கட்டை ஊர் சார்பில் வாங்கிக்கொள்கிறவர் இப்போது உன் அப்பாதான். பொதுக்கூடத்தில் பாயில் உட்கார்ந்து வாங்குவார். பிறகு வந்திருக்கும் குழந்தைகளைக் கூப்பிட்டுக் கன்னத்தைத் தட்டி ஒவ்வொரு வியாழக்கிழமையும் கேட்பதைக் கேட்பார்: "வாய்யா, நீ எந்த ஊரு?"

தன் பெயரையே சுமந்துகொண்டு நிற்கிற பேரனைப் பார்த்து அவர் அதைக் கேட்க வேண்டுமா? நீ கண்ணாடிக்குள்ளிருந்து அதைப் பார்க்க வேண்டுமா?

தாய் பிறந்த ஊருக்குப் பிள்ளை முதல் தடவை எப்படி வர வேண்டும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கால் மணலில் படாமல் தகப்பன் வீட்டார் தூக்கி வர வேண்டும். திமிங்கலப் பல்லை முன்னால் வைத்து, இதோ உங்கள் பிள்ளையின் முகம் என்று காட்ட வேண்டும். அதற்குப் பிறகு அவன் நம் ஊர்ப் பிள்ளை. என் கோழியைப் பிடித்துக்கொண்டு போனாலும் நான் வாய் திறக்க முடியாது. ஆனால் சுற்றுலாக்காரனாக ஒரு தடவை கால் வைத்துவிட்டால், அந்த முதல் தடவை போனது போனதுதான். பிறகு யார் வந்து திருப்பித் தருவது?

உன் அம்மா அடக்கத்துக்கு வர முடியாமல் போனதை நீ இன்னும் தூக்கிச் சுமக்கிறாய். நிறைமாதத்தில் இருந்தாய், விமானத்தில் ஏற்ற மறுத்துவிட்டார்கள். எங்களுக்குத் தெரியும். ஊரில் ஒருவரும் உன்னைக் குறை சொல்லவில்லை. சொன்ன மூன்று பேரோடு நான் கட்டிப்புரண்டு சண்டை போட்டேன். (ஒருவர்தான் என்கிறாள் லிதியா. கட்டிப் புரளவும் இல்லையாம்.) அப்பா பேசவில்லை, அதனால் கோபம் என்று நீயாக முடிவு கட்டிக்கொண்டாய். அவர் என்றைக்குப் பேசினார்? எங்கள் இரண்டு பேருக்குமான வாயைக் கடவுள் எனக்கே கொடுத்துவிட்டார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை சாயங்காலமே படிவத்தோடு அவரிடம் போனேன். சேம்புத் தோட்டத்தில் களை பிடுங்கிக்கொண்டிருந்தார். "அண்ணே, உங்க பேரு உள்ள ஒருத்தன் வரான்" என்றேன். "எந்த ஊர்க்காரன்?" என்றார். "நம்ம ஊர்க்காரன்தான். இன்னும் ஊருக்குத்தான் வரல" என்றேன். கையை வேட்டியில் இரண்டு முறை துடைத்துவிட்டுப் படிவத்தை வாங்கினார். ஒரு பக்கக் காகிதத்தை அவ்வளவு நேரம் படித்த ஆளை நான் பார்த்ததில்லை. கடைசியில் கேட்டது ஒன்றே ஒன்று: "காலு எவ்ளோ பெருசு இருக்கும்?" நான் கையை விரித்துக் காட்டினேன். "உன் கைய நம்ப முடியாதுடா. நாலு விரக்கடைய நாப்பதுன்னு காட்டுற ஆளு. அந்தச் செருப்ப எடுத்துட்டு வா" என்றார். மறுநாள் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

வெறுங்கையோடு எப்படி வருவது, திமிங்கலப் பல்லுக்கு எங்கே போவது என்று இதைப் படிக்கும்போதே நீ தவிப்பாய். பல் தயார். அதை நான் எப்படிச் சம்பாதித்தேன் தெரியுமா? வெளிக்கடலில் ஒரு கிழட்டுத் திமிங்கலம் என் படகுக்குப் பக்கத்தில் வந்து வாயைத் திறந்து...

லிதியா பேனாவைப் பிடுங்க வருகிறாள். சரி, இந்த ஒன்றை மட்டும் உள்ளது உள்ளபடி எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை காலையில் உன் அப்பா ஒரு ஓலைக்கூடையோடு படகுத்துறைக்கு வந்தார். உள்ளே மரப்பட்டைத் துணியில் சுற்றிய பல். உன் அம்மா அடக்கத்தன்று அவள் பிறந்த ஊரார் கொண்டுவந்து வைத்தது. அதற்குப் பிறகு எத்தனையோ கல்யாணம், எத்தனையோ சாவு, கையில் இருந்த பல்லையெல்லாம் கொடுத்தார். இதை மட்டும் கொடுக்கவில்லை. "இத மாப்பிள்ளை கையில குடு. அவங்க ஜனத்துல இதுக்கு வழி கிடையாது. அந்தப் பொண்ணு வெறுங்கையோட வர வேணாம்" என்றார். கூடையை வாங்கிப் படகில் பத்திரமாக வைத்தேன். பிறகு கேட்டேன், "அண்ணே, நீங்களே குடுத்து நீங்களே வாங்கிக்கப் போறீங்களா? ஊரு சிரிக்காதா?"

"பல்லுக்கு வாய் கிடையாது. வாய் உனக்குத்தான் இருக்கு. அத மூடிட்டு இரு" என்றார்.

மூடிக்கொண்டுதான் இருக்கிறேன். உனக்கு எழுதுவதைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை. சமையல்காரருக்குத் தெரியும், அவர் வெளியில் சொல்லமாட்டார்.

நீங்கள் வந்து இறங்குவது செவ்வாய்க்கிழமை. புதன்கிழமை காலையில் தண்ணீர் ஏறும் நேரத்துக்கு என் படகில் வருகிறோம். தகப்பன் வீட்டாராக நிற்க விடுதிப் படகோட்டிகள் நான்கு பேர் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள், எல்லோரும் வெளித்தீவுக்காரர்கள். நாங்கள் இனி வெள்ளைக்காரனுக்கு அண்ணன் தம்பி என்று சொல்லிக்கொண்டு, வெயில் பட்டால் தோல் சிவந்துவிடும் என்று நிழலிலேயே நடக்கிறான்கள், படவாக்கள். கிரெய்க் மாப்பிள்ளைக்குச் சம்மணம் போட்டு உட்காரவும், சொல்லும்போது கை தட்டவும் வந்தால் போதும். பேசுகிற வேலை அவர்களில் மூத்தவனுக்கு. நான் பெண் வீட்டுக்காரன், வாய் திறக்கக் கூடாதாம். பிறந்ததிலிருந்து முதல் தடவையாக ஒரு முழுக் காலை நேரம் பேசாமல் உட்காரப் போகிறேன். அதைப் பார்ப்பதற்காகவாவது வா. கரையிலிருந்து பொதுக்கூடம் வரைக்கும் விரிப்பதற்கு லிதியா வீடு வீடாகப் போய்ப் பாய் சேர்த்துவிட்டாள்.

நம் ஊரிலிருந்து போன முதல் நர்ஸ் நீ. விடுதிக்கு வருகிற நியூசிலாந்துக்காரர் ஒருவரைக்கூட நான் விட்டதில்லை. உடம்புக்கு ஏதாவது வந்தால் என் அண்ணன் மகளிடம் போங்கள் என்று சொல்லித்தான் அனுப்புகிறேன். யாராவது வந்தார்களா?

ஒரே ஒரு சிக்கல். எபேலி பெயர் ஒட்டிய ஜோடியில் ஒரு செருப்புதான் இப்போது என்னிடம் இருக்கிறது. மற்றது உன் அப்பாவிடம். விடுதிச் சாமான், கொடுங்கள் என்று இரண்டு தடவை கேட்டுப் பார்த்தேன். "இருக்கட்டும்" என்றார். நேற்றுப் போனபோது அதை மடியில் வைத்து, கட்டைவிரலை உள்ளே விட்டு, பிள்ளையின் குதிகால் எதுவரைக்கும் வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் தூசி தட்டுகிறவர் போலத் தட்டினார்.

ஒற்றைச் செருப்போடு பிள்ளை கொம்புத்திருக்கை பார்க்கப் போக முடியாது. வியாழக்கிழமை கிராமம் பார்க்கப் போகும் படகுப் பட்டியலில் உங்கள் மூன்று பேர் பெயரையும் நானே அடித்துவிட்டேன். தலைவன் அடித்தால் அடித்ததுதான். நீ புதன்கிழமை வந்து, உன் அப்பாவிடம் கேட்டு, அந்த இன்னொரு செருப்பை வாங்கிக்கொண்டு போ, மகளே. நீ கேட்டால் கொடுப்பார்.

கடல் உங்களைச் சேதமில்லாமல் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

புதன்கிழமைக்குப் படகைக் கழுவி வைத்திருக்கும் உன் சித்தப்பா,
சைலோசி