கொல்லையில் ஒரு மண்மேடு

கியாக்தான்
23-1-1926

ஜெயம்மாவின் தகப்பனாருக்கு,

வழக்கமாக எழுதும் நமஸ்காரத்தை எழுதக் கை வரவில்லை. நேற்று பிள்ளையை ஆஸ்பத்திரியிலிருந்து விட்டார்கள். நேரே அண்ணன் தங்கவேலு வீட்டுக்கு வந்துவிட்டோம். பன்னிரண்டு நாளில் நீங்கள் இரண்டே தரம் வந்து எட்டிப் பார்த்தீர்கள்.

நடந்ததைத் தவறுதல் என்கிறீர்கள். துப்பாக்கிப் பந்தயத்துக்குப் பழகக் கொல்லைச் சுவரில் குறி அட்டையை மாட்டிச் சுட ஆரம்பித்த அன்றே, பட்டாளத்தில் இருந்த அய்யூப் பாய் வேலியோரம் நின்று சொன்னார்: "செங்கல்லச் சுடாதீங்க தம்பி, குண்டு சிதறித் திரும்பி வரும். மண்ணைக் குவிச்சு அதுல சுடுங்க." நீங்கள் என்ன சொன்னீர்கள்? "பந்தயம் நெருங்கிருச்சு பாய், மண்ணு சுமக்க எங்க நேரம்?"

கொடியில் துணி போட வந்த என் பின்னால்தான் ஏழு வயதுப் பிள்ளை நின்றாள். ஈயத் துண்டு அவள் இடது கண்ணில் பாய்ந்தது. இதுவா தவறுதல்?

சொர்ணம்மாள்


தாமுவே
28-1-1926

சௌபாக்கியவதி சொர்ணத்துக்கு ஆசீர்வாதம்.

புருஷனுக்கு எழுதுகிற கடிதமா அது? நான் வேண்டுமென்றா செய்தேன்? சுவருக்கு முன்னால் தேக்குப் பலகை அடித்துவிட்டேன். இனி பயமில்லை. ஆபீசில், வீட்டுக்காரி எங்கே என்று கேட்கிறார்கள். பதில் சொல்லக் கூச்சமாயிருக்கிறது. உடனே புறப்பட்டு வா.

ராஜரத்தினம்


கியாக்தான்
2-2-1926

ஜெயம்மாவின் தகப்பனாருக்கு,

உங்களுக்குக் கூச்சம். இங்கே கட்டு மாற்றும்போது பிள்ளை வலி தாங்காமல் என் முந்தானையைக் கடித்துக்கொள்கிறாள்.

பலகையைத் துளைத்துப் போனால் பின்னால் அதே செங்கல்தானே இருக்கிறது? மண் கொட்டாமல் எனக்கு எழுத வேண்டாம்.

சொர்ணம்மாள்


தாமுவே
14-2-1926

சொர்ணத்துக்கு,

உன் பிடிவாதமே ஜெயித்தது. சுவரை இடித்தாயிற்று. மரக்கட்டைகளை அடுக்கி, உள்ளே ஆறடி உயரம், நாலடி கனத்துக்கு மண் நிரப்பியிருக்கிறேன். மண்ணை நானே சலித்தேன். ஒரு கல் கிடையாது. முப்பது குண்டு சுட்டுப் பார்த்தேன். ஒன்றுகூட முழ ஆழத்தைத் தாண்டவில்லை. அய்யூப் பாய் தோண்டிப் பார்த்துவிட்டு, "இதை அப்பவே செஞ்சிருக்கலாம்" என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவருக்கும் என் மேல் கோபம்தான்.

நேற்றுப் பந்தயத்தில் இரண்டாவதாக வந்தேன். இனி உனக்கு என்ன குறை? வருகிற ஞாயிற்றுக்கிழமை லாஞ்சுப் படகில் வந்து சேர்.

ராஜரத்தினம்


கியாக்தான்
18-2-1926

ஜெயம்மாவின் தகப்பனாருக்கு,

மண்ணின் உயரமும் கனமும் எழுதினீர்கள். குண்டு எவ்வளவு ஆழம் போயிற்று என்றும் எழுதினீர்கள். பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று இரண்டு கடிதத்திலும் ஒரு வரி இல்லை.

கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். திங்கட்கிழமை கட்டைப் பிரித்தார்கள். அந்தக் கண்ணில் பார்வை போய்விட்டது. இனி வராதாம்.

உங்கள் கடிதத்தை வாசிக்கச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாள்.

"அப்பா மேடு கட்டி முடிச்சிட்டாரா?"

"முடிச்சிட்டாரு."

"அப்ப நாம வீட்டுக்குப் போறமா?"

"இல்லம்மா."

ஏன் என்று அவள் கேட்கவில்லை. நீங்களும் கேட்டு எழுத வேண்டாம்.

சொர்ணம்மாள்