ஒன்பதாம் வட்டாரம்

2024 மார்ச் 4
முழங்காலுக்கு டொக்டரிடம் போய்வந்தேன். நடக்கட்டாம்.
பின்னேரம் அருங்காட்சியகத்திலிருந்து கியர்ஸ்டன் என்ற பெண் போன் எடுத்தா. 1985இல் எங்கள் ஒன்பது பேரையும் தங்கவைத்த மரக்கொட்டில்கள் இருந்த இடத்தில் பலகை வைக்கப்போகினமாம். டென்மார்க்கில் ஹேர்னிங் பக்கம் முதல் வந்த தமிழர் நாங்கள்தானாம். பேர்களோடு சரித்திரம் எழுதித் தரட்டாம்.
அங்கே இப்போது ஒன்றும் இல்லை. 87இலேயே இடித்துவிட்டார்கள்.

மார்ச் 9
தொடங்கினேன். புதர்வெளிக்கு நடுவில் மூன்று கொட்டில்கள். தண்ணீர்ப் பம்ப் உறைந்தால் பனியை உருக்கிச் சமையல். ஒரே சாமித்தட்டில் மடு மாதா படமும் முருகன் படமும். உருளைக்கிழங்கு நட்டு, மிஞ்சினதைப் பக்கத்துப் பண்ணைக்குக் கொடுத்தோம். ஒன்பது பேர் என்பதால், ஊர் வட்டாரங்கள் மாதிரி 'ஒன்பதாம் வட்டாரம்' என்று பேர் வைத்தவன் கந்தையா.
எட்டுப் பேரை எழுதினேன். பேனையை வைத்துவிட்டேன்.

மார்ச் 10
இன்றும் எட்டுப் பேர்தான்.

மார்ச் 16
போனில் ஈ-பொக்ஸுக்கு அரசாங்கக் கடிதம் வந்த சத்தம். உடனே கந்தையாவின்ர குரல், காதுக்குப் பக்கத்திலை — "பேதுரு அண்ணை, என்ன போட்டிருக்கு?"
கடையில், கந்தையா போடுற மாதிரி நீலக் கம்பளித் தொப்பியோடு ஒருவர். பின்னாலேயே போய் முகத்தைப் பார்த்தேன். யாரோ டேனிஷ்காரர். எனக்கென்ன பைத்தியமோ?

மார்ச் 17
எழுதிவிடுகிறேன். 86 ஜனவரி. கந்தையாவுக்குக் கடிதம் வந்தது. மூன்று மாதம் வகுப்புக்குப் போய், டேனிஷ் தெரிந்தவன் என்று பேரெடுத்திருந்தேன். பாதி விளங்கேல்லை. விளங்கேல்லை எண்டு சொல்ல வெட்கம். "ஒண்டுமில்லை, பொறுத்திருக்கட்டாம்" எண்டன்.
அது அகதி விசாரணைக்கு வரச்சொன்ன கடிதம். அவன் போகேல்லை, விண்ணப்பத்தைத் தள்ளிவிட்டார்கள். ஏப்ரலில் பொலிஸ் வந்து ஏற்றிப்போனது. கொழும்பில் இறங்கினான் — அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. நான் ஏன் வாய் திறக்கேல்லை? பாவசங்கீர்த்தனத்திலைகூடச் சொல்லேல்லை. முப்பத்தெட்டு வருசம்.

மார்ச் 24
மகள் றொஷானிக்குச் சொன்னேன். டேனிஷில் ஏதோ முணுமுணுத்தாள். பிறகு தமிழில், "அவற்ர தங்கச்சிக்குத் தெரியுமா, அப்பா?"
தங்கச்சி தவமலர் எஸ்பியர்க் நகரத்தில் இருக்கிறா. கலியாணவீடுகளில் கண்டால் நான் வேறு மேசைக்குப் போய்விடுவேன்.

ஏப்ரல் 6
எஸ்பியர்க் போய்ச் சொன்னேன்.
"நீங்களே வாசிச்சனீங்கள்?"
"ஓம்."
"அண்ணை கவலையீனமாய் இருந்திட்டார் எண்டு அம்மா சாகும்வரைக்கும் அவரைத்தான் ஏசினவ."
எழும்பிக் கதவைத் திறந்துவிட்டா. போகச் சொல்லித்தான்.

ஏப்ரல் 7
ஒன்பது பேரையும் எழுதியாச்சு. கடிதத்தை வாசித்தது யார் என்பதையும். றொஷானி டேனிஷில் மாற்றித் தந்தாள். கியர்ஸ்டன் தயங்கினா, "உங்கள் பேரைப் போடத்தான் வேணுமா?" போடுங்கோ என்றேன்.

ஜூன் 8
பலகை திறந்தார்கள். இருபது பேரளவில். தவமலர் தனியே வந்திருந்தா, நான் எதிர்பார்க்கவில்லை. கடிதத்தை வாசித்தது நான் என்ற கடைசி வரியை மட்டும் வாசித்தா.
"அண்ணை எதிலை படுத்தவர்?"
ஜன்னலோரம் இருந்த இடத்தைக் காட்டினேன். இப்போது முழங்கால் உயரப் புதர். அதற்குள் குந்தி, நிலத்தில் கை வைத்தபடி இருந்தா. தூறல். நான் தள்ளி நின்றேன்.
றொஷானி கார்க் கதவைத் திறந்து பிடித்தாள். வரமாட்டா எண்டுதான் நினைச்சன். ஏறினா, எனக்குப் பக்கத்தில். றொஷானி எஸ்பியர்க் வரைக்கும் கொண்டுபோய் விட்டாள். இறங்கும்போது சொன்னா, "மன்னிச்சிட்டன் எண்டு நினைக்காதேங்கோ. அவர் அங்கை எப்பிடி இருந்தவர் எண்டு சொல்ல எனக்கு வேற ஆரும் இல்லை. அடுத்த ஞாயிறு வாங்கோ."

ஜூன் 16
மூன்று மணித்தியாலம் கதைத்தேன். தேத்தண்ணி தந்தா. பாதிதான் முடிந்தது.