பதினான்கு இடங்களில் 'என்னைக் கேளுங்கள்'

அண்ணே,

உங்கள் இணையப் பக்கத்துக்கு இன்னும் ஆட்கள் எழுதுகிறார்கள். "கண்மாய் எப்பண்ணே வருது?" என்று சோழவந்தானில் இருந்து ஒருவர் கேட்டிருந்தார். வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கிறாராம். நீங்கள் போட்டுவைத்த மூன்று விளையாட்டுகளின் பெயர்களும் அப்படியே நிற்கின்றன: கண்மாய், மலை இருந்த ஊர், மேலூர் கடைசி பஸ். மேலே 'விரைவில்' என்று கொட்டை எழுத்தில். மதினி கடவுச்சொல்லை என்னிடம் கொடுத்துவிட்டதால் பதில் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. முன்பின் தெரியாத ஒருவருக்கு உங்கள் சாவை எழுதி அனுப்பினேன். வருத்தப்பட்டார். "வெளாட்ட மட்டும் விட்றாதீங்க" என்றார்.

பள்ளிக்கூடத்தில் நீங்கள் கிளார்க், நான் கணக்கு டீச்சர். சனிக்கிழமை மதியம் உங்கள் விளாங்குடி வீட்டில் மேசையைச் சுற்றி உட்காருவோம். நீங்கள் கதையை நடத்துவீர்கள், நாங்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசுவோம், இழுபறி வந்தால் டைஸ் உருட்டுவோம். கண்மாய் ஆட்டத்தில் நான் மடைக்காரி, ஏரித் தண்ணீரைத் திறந்துவிடுகிறவள். மழை பொய்த்த வருஷம், கீழூருக்கு மடையைத் திறக்க மாட்டேன் என்று நின்றேன். டைஸும் எனக்குத்தான் விழுந்தது. நீங்கள் மேசையை ஒரு கணம் பார்த்துவிட்டு, "கரையே ஒடஞ்சு போச்சு டீச்சர்" என்றீர்கள். எல்லோரும் கைதட்டினார்கள், நானும்தான். எந்த விதிப்படி என்று கேட்டேன். "அதெல்லாம் இருக்கு, எழுதுறேன்" என்று டீ போடப் போய்விட்டீர்கள்.

எத்தனை முறை கெஞ்சியிருப்பேன். நீங்கள் எழுதியதை மட்டும் வைத்து, நீங்கள் பக்கத்தில் இல்லாமல் ஒரு தரம் ஆடிப் பார்க்கிறோம், அப்போதுதான் ஓட்டை எங்கே என்று தெரியும் என்று. "நான் இல்லாம எதுக்கு? நான் எங்க போகப் போறேன்?" என்பீர்கள். கோடை விடுமுறை தொடங்கிய வாரம், நெஞ்சுவலி என்று ஆட்டோவில் ஏறினீர்கள். ஆஸ்பத்திரி வாசலில் உங்களைத் தூக்கித்தான் இறக்கினார்கள்.

போன ஞாயிறு மதியம் கொடிக்கால்காரரையும் அவர் நண்பர்கள் இருவரையும் என் வீட்டுக்கு வரச் சொல்லி நீங்கள் எழுதிவைத்த கண்மாய்ப் பிரதியைப் பிரித்தேன். நன்றாகத்தான் போனது. அவர்தான் மடைக்காரர். அரை மணி நேரத்தில் அவரும் திறக்க மாட்டேன் என்றுவிட்டார்.

"இப்ப என்னங்க டீச்சர் செய்யணும்? எங்க ஊருன்னா பெரியாளுக கூடிப் பேசுவாக. இதுல எப்புடி?"

பக்கத்தைத் திருப்பினேன். 'இங்கே என்னைக் கேளுங்கள்' என்று இருந்தது. ஆட்டம் அதோடு நின்றது. அவர்கள் போன பிறகு முழுதும் புரட்டினேன். பதினான்கு இடங்களில் அதே வரி. எங்கே வந்து கேட்பது?

அன்றைக்கு வந்தது ஒரு கோபம். மறுநாள் வந்தது வேறு. மதினி உங்கள் குறிப்பேட்டைக் கொடுத்தார்கள், பள்ளியில் மிஞ்சிய வருகைப் பதிவேட்டில் நீங்கள் எழுதிவந்தது. விடையெல்லாம் அதில் இருக்கும் என்று ஆசையாகப் பிரித்தேன். அதே பதினான்கு இடங்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரில் கேள்விக்குறி மட்டும். மடைக்கு மூன்று வழிகள் எழுதி மூன்றையும் அடித்திருக்கிறீர்கள். நீங்கள் எதையும் ஒளிக்கவில்லை, உங்களுக்கும் தெரியவில்லை. கணக்கு டீச்சரை எதிரில் உட்கார வைத்துக்கொண்டு மூன்று வருஷம் ஒரு வார்த்தை கேட்கவில்லையே, அண்ணே. என்ன குறைந்து போயிருக்கும்? கூடி உட்கார்ந்திருந்தால் நாலு சனிக்கிழமையில் முடித்திருப்போம். அச்சான புத்தகத்தை நீங்கள் கையில் வைத்துப் பார்த்திருப்பீர்கள். இதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

இணையப் பக்கத்தில் இருந்து மற்ற இரண்டு பெயர்களையும் எடுத்துவிட்டேன். அவை உங்கள் தலைக்குள் மட்டும்தான் இருந்தன. கண்மாய் வரும். பதின்மூன்று இடங்களுக்கு நானே விதி எழுதிவிட்டேன். உங்களுக்குப் பிடிக்காது, பரவாயில்லை. மடை மட்டும் பிடிபடவில்லை.

நேற்று கொடிக்கால்காரர் போன் செய்தார். "அந்த மடைக்கு என்ன வழி டீச்சர்?"

"அதெல்லாம் இருக்கு, வாங்க" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

சொன்னது என் வாய்தான், பேச்சு உங்களுடையது. உங்களிடமிருந்து எனக்கு ஒட்டிக்கொண்டது இதுதானா என்று கூசிப் போனேன். திரும்ப அழைத்தேன்.

"எனக்குத் தெரியலைங்க. எம்புட்டு யோசிச்சும் வரல. நீங்கதான் சொல்லணும்."

அவர் சிரித்தார். "இம்புட்டுத்தானா? ஞாயித்துக்கெழம வாரேன், உக்காந்து பேசுவோம்."

இம்புட்டுத்தான், அண்ணே.